தொட்டி வளைவு வரைக்கும்

சேசு மரி சூசை துணை

நல்லம்பள்ளி
17-8-1966

அன்புள்ள இசபெல்லுக்கு,

நான் சுகம். நீயும் சுகமாக இருப்பாய். உன் பள்ளிக்கூடம் அதைவிடச் சுகமாக இருக்கும்.

மலையை விட்டு இறங்கி மூன்று மாதம் கழித்துத்தான் இவருக்கு எழுதத் தோன்றியதா என்று கோபித்துக்கொள்ளாதே. கோபம் எனக்குத்தான் பாக்கி இருந்தது. அது தீர இவ்வளவு நாள் ஆகிவிட்டது. முழுக்கத் தீர்ந்துவிட்டது என்றும் சொல்ல மாட்டேன்.

இங்கே ஒரு ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்திருக்கிறேன். ஊரெல்லாம் கிணற்றுக்கு ஆயில் இன்ஜின் வைக்கிறார்கள், வைத்த கையோடு கெடுத்தும் கொண்டுவந்து விடுகிறார்கள். மைன்ஸில் கம்ப்ரஸரோடு மல்லுக்கட்டியவனுக்கு இதெல்லாம் விளையாட்டுச் சாமான். முதலாளி என்னை "மைன்ஸ்காரரே" என்றுதான் கூப்பிடுகிறார், மரியாதையாகத்தான். ஓட்டு வீடு ஒன்றும் பார்த்து அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். பின்பக்கம் கிணறு, வாசலில் முருங்கை. அக்கா மிக்கேலம்மாள் வீடு இரண்டு தெரு தள்ளி. அது ஒன்றுதான் அந்த வீட்டில் குறை என்று நீ சொல்வாய். நானும் ஒத்துக்கொள்கிறேன்.

கம்பெனி மூடினால் கம்பெனி நடத்திய பள்ளிக்கூடமும் மூடினதுதான் இசபெல். வெள்ளைக்கல் தீர்ந்தது, இன்ஜினியர் போனார், லாரிகள் போயின, காலனியே காலி. நீ மட்டும் சம்பளம் இல்லாமல் மலைக்காரப் பிள்ளைகளுக்கு அனா ஆவன்னா சொல்லிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருக்கிறாய். புருசன் கீழே, பெண்டாட்டி மேலே. கேட்கிறவர்களுக்கு நான் என்ன பதில் சொல்ல?

கடைசி லாரி கிளம்பின அன்றைக்கு எல்லோர் எதிரிலும் சொன்னதைத்தான் இப்போதும் சொல்கிறேன். அந்த ரோட்டில் இனி நான் ஏற மாட்டேன். நீ இறங்கி வா. வந்தால் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன், அக்காவையும் சொல்ல விட மாட்டேன்.

உன்
சின்னப்பராஜ்


சேசு மரி சூசை துணை

மைன்ஸ் காலனி, நரிக்கல்மலை
4-9-1966

என் அன்பான வீட்டுக்காரருக்கு இசபெல்லா எழுதிக்கொள்வது.

உங்கள் கடிதம் கிடைத்தது. தபாலாபீசும் கம்பெனியோடு போய்விட்டதால், மலைக்காரப் பையன் பச்சியப்பன் சந்தைக்கு இறங்கும் நாளில் அடிவாரத்தில் வாங்கி வருகிறான். இனிமேலும் கார்டில் எழுதாமல் கவரில் எழுதுங்கள். கார்டு என்றால் வழியெல்லாம் எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டே வருவான். படிக்கக் கற்றுக்கொடுத்தவள் நான், திட்டவும் முடியாது.

இன்ஜினியரின் ஆபீஸ் அறைதான் இப்போது வகுப்பு. ஜன்னல் கதவைக்கூடப் பெயர்த்துக்கொண்டு போயிருந்தார்கள், கோணி கட்டியிருக்கிறேன். ஆனாலும் பிள்ளைகள் வருகிறார்கள். கம்பெனிப் பிள்ளைகள் இருந்தபோது வெளியே நின்று வேடிக்கை பார்த்த மலைப் பிள்ளைகள்தான் இப்போது பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் வீட்டில் ராகியும் அவரைக்கொட்டையும் கொடுத்துவிடுகிறார்கள், எனக்குச் சாப்பாட்டுக்குக் குறைவில்லை. நமக்குப் பிள்ளை இல்லை என்று உங்கள் அக்கா ஜாடை பேசும்போதெல்லாம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இப்போது வந்து பார்க்கச் சொல்லுங்கள், இங்கே என் முந்தானையைப் பிடித்து இழுக்க எத்தனை பேர் என்று.

ஆத்திரப்படாமல் கேளுங்கள். நடந்துகொண்டிருக்கிற பள்ளிக்கூடமாக இருந்தால் பஞ்சாயத்து யூனியன் எடுத்துக்கொள்ளும், சம்பளமும் வரும் என்கிறார்கள். மனு கொடுத்திருக்கிறேன். பூட்டிவிட்டால் இந்த மலைக்கு இனிப் பள்ளிக்கூடம் கிடையாது. நான் இறங்கவே மாட்டேன் என்று சொல்லவில்லை, இப்போது முடியாது என்றுதான் அன்றும் சொன்னேன். நீங்கள்தான் ஊரைக் கூட்டிச் சபதம் போட்டீர்கள்.

வேளைக்குச் சாப்பிடுங்கள். கிரீஸ் கையோடு சோற்றில் கை வைக்காதீர்கள்.

உங்கள்
இசபெல்லா


நரிக்கல்மலை
7-11-1966

என் அன்பான வீட்டுக்காரருக்கு,

இரண்டு மாதமாக உங்களிடமிருந்து பதில் இல்லை. பரவாயில்லை. தபாலில் வராத பதில் ரோட்டில் வந்துவிட்டது.

நீங்கள் வந்துபோவது எனக்குத் தெரியும். மறைக்காதீர்கள்.

மூன்று வாரம் முன்னால் ஞாயிறு ஜெபமாலை முடிந்து ஆடுகளை ஓட்டிக்கொண்டு தொட்டி வளைவு வரைக்கும் இறங்கினேன். லாரிகள் ரேடியேட்டருக்குத் தண்ணீர் பிடிக்க நிற்குமே, அந்தத் தொட்டி. அங்கிருந்து கீழே ரோட்டில் ஒரு அகலத்துக்குக் கல்லும் சருகும் ஒதுங்கி, பெருக்கிவிட்டது போல இருந்தது. தொட்டிக்கு மேலே ஒன்றும் இல்லை. பக்கத்தில் விராலிச் செடியில் கிளை ஒடித்த பச்சைக் காயம். சைக்கிளில் இறங்குகிற மைன்ஸ்காரர்கள் கேரியரில் விராலிக் கிளையைக் கட்டி இழுத்துக்கொண்டு போவதை நான் எத்தனை வருடம் பார்த்திருக்கிறேன்! வெறும் பிரேக்கை நம்பி நரிக்கல்மலையில் இறங்குகிறவனுக்குப் பல் மிஞ்சாது என்று நீங்கள்தானே சொல்வீர்கள்? யாரோ சைக்கிளில் தொட்டி வரைக்கும் ஏறி, கிளையைக் கட்டிக்கொண்டு திரும்பியிருக்கிறார். மலைக்காரர்களிடம் சைக்கிள் ஏது? அடுத்த ஞாயிறும் அதே தடம்.

முக்கால் மலை ஏறி வந்துவிட்டு, சொன்ன சொல்லுக்காகவா திரும்பிப் போகிறீர்கள்? பிடிவாதக்காரரே! அந்தத் தடத்தைப் பார்த்துக்கொண்டு தொட்டிச் சுவரில் உட்கார்ந்து அழுதேன். சந்தோஷத்தில்தான். எழுத வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் எழுதிவிட்டேன்.

நேற்று விடிந்ததும் தூக்குப்போசியில் களியும் அவரைக்கொட்டைக் குழம்பும் போட்டு, தொட்டிக்குப் பக்கத்து உசில மரத்தில் தொங்கவிட்டு வந்தேன். சாயந்திரம் போய்ப் பார்த்தால் காலி. எனக்கு வயிறு நிறைந்துவிட்டது. இனி ஒவ்வொரு ஞாயிறும் வைப்பேன். நீங்கள் மேலே வரவேண்டாம், உங்கள் சபதம் உங்களோடு இருக்கட்டும். குழம்பில் உப்பு சரியாக இருந்ததா என்று மட்டும் எழுதுங்கள்.

உங்கள்
இசபெல்லா


நல்லம்பள்ளி
20-11-1966

அன்புள்ள இசபெல்,

கடிதம் கிடைத்தது. திரும்பத் திரும்பப் படித்தேன்.

குழம்பில் உப்பு கொஞ்சம் குறைவு. மற்றபடி நன்றாக இருந்தது.

சைக்கிளுக்குப் பின்டயர் புதிதாகப் போட்டிருக்கிறேன். இந்த மழையில் ரோடு எப்படி இருக்கிறது? லாரி எடைமேடைப் பக்கம் கல் சரிந்திருக்கிறதா, சைக்கிள் போகுமா என்று விவரமாக எழுது.

வேறு விசேஷம் இல்லை.

சின்னப்பராஜ்


நரிக்கல்மலை
15-12-1966

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

உப்பு குறைவு என்று எழுதியிருந்தீர்கள். அந்த வாரத்திலிருந்து கூட்டித்தான் போடுகிறேன். இப்போது சரியாக இருக்கிறதா?

ரோடு எப்படி இருக்கிறது என்று என்னைக் கேட்கிறீர்களே, வாரா வாரம் அதில் வந்துபோகிறவர் நீங்கள் அல்லவா? சரி, கேட்டுவிட்டீர்கள், சொல்கிறேன். எடைமேடைக்குக் கீழே பாதி ரோட்டை மழைத் தண்ணீர் அரித்துவிட்டது. மலைப்பக்கமாக ஒதுங்கி வந்தால் சைக்கிள் போகும். வெடிமருந்துக் கிடங்குச் சுவரில் தேன்கூடு கட்டியிருக்கிறது, அங்கே மணி அடிக்காமல் வாருங்கள்.

கோயிலில் குடில் வைத்திருக்கிறோம். கம்பெனி கொட்டிவிட்டுப்போன வெள்ளைக்கல் பொடியைப் பிள்ளைகள் கூடை கூடையாக அள்ளிவந்து தரையெல்லாம் தூவிவிட்டார்கள். குழந்தை சேசு சுண்ணாம்புக் காளவாயில் பிறந்தவர் மாதிரி கிடக்கிறார். கும்பிட வருகிறவர்களெல்லாம் தும்முகிறார்கள்.

கிறிஸ்துமஸுக்கு உங்கள் வேட்டியைத் துவைத்து வைத்திருக்கிறேன். சும்மா, பெட்டியில் கிடந்தது, துவைத்தேன்.

உங்கள்
இசபெல்லா


நல்லம்பள்ளி
9-1-1967

அன்புள்ள இசபெல்,

மனசில் வைத்துக்கொண்டிருக்க முடியவில்லை, உடைத்துச் சொல்லிவிடுகிறேன். தொட்டி வளைவு வரைக்கும் வந்துபோனவன் நானில்லை. காலனியை விட்டுப் போன பிறகு, நேற்றைக்கு முன்னால் நான் அங்கே வந்ததே இல்லை.

உன் கடிதத்தைப் படித்ததும் எனக்குத் தலை கால் புரியவில்லை. நான் இங்கே கயிற்றுக் கட்டிலில் மல்லாந்து கிடக்கிறேன், நீ அங்கே எனக்காகக் களி கிண்டி மரத்தில் தொங்கவிடுகிறாய். நானில்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அழுதேன் என்று எழுதியிருந்தாயே, அந்த வரியைப் பார்த்ததும் கை ஓடவில்லை. உப்பு குறைவு என்று எழுதிவிட்டேன். பொய் சொன்னாலும் எனக்குக் குறை சொல்லித்தான் வருகிறது, என்ன செய்ய!

பொய்யை மெய்யாக்கிவிடலாம் என்று டயர் மாற்றிக்கொண்டு கிளம்பினேன். முதல் ஞாயிறு பெரிய புளியமரத்தைத் தாண்டவில்லை, நெஞ்சு அடைத்து நுரை தள்ளிவிட்டது. மைன்ஸில் இருந்த காலத்தில் இதே ரோட்டில் பீடி பிடித்துக்கொண்டே ஏறினவன் நான். இன்ஜின் பக்கத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து தொப்பை போட்டுவிட்டது. கிறிஸ்துமஸ் அன்று எடைமேடை வரைக்கும் வந்து, அங்கேயே உட்கார்ந்து, நீ துவைத்து வைத்த வேட்டியை நினைத்துக்கொண்டு திரும்பினேன்.

நேற்று விடியும்போதே கிளம்பினேன். மூச்சு வாங்குமுன்பே இறங்கித் தள்ளுவது, மூச்சு வந்ததும் ஏறி மிதிப்பது என்று ஒரு வழி கண்டுபிடித்தேன். இசபெல், அந்த ரோட்டில் இப்படி ஒரு அமைதியா! நாம் இருந்தபோது லாரிச் சத்தமும் வெடிச் சத்தமும் தவிர வேறு எதைக் கேட்டோம்? நேற்று என் சைக்கிள் செயின் சத்தம் எனக்கே கேட்டது. புறா கத்துகிறது. கழிவுக்கல் குவியல் மேலெல்லாம் ஆவாரை பூத்துக் கிடக்கிறது, கல்லே தெரியவில்லை. எடைமேடைப் பலகையில் ஏறி நின்று பார்த்தேன், ஓணான் ஒன்று எதிரே நின்று என்னை எடை பார்த்தது. தேன்கூட்டைத் தாண்டும்போது நீ சொன்னபடி மணி அடிக்காமல் உருட்டிக்கொண்டு வந்தேன். ஒவ்வொரு வளைவிலும் அடுத்ததில் திரும்பிவிடலாம் என்று நினைத்தேன். திரும்ப மனசு வரவில்லை. கால் வலித்தது, ஆனாலும் உள்ளுக்குள் என்னமோ ஒரு சந்தோஷம்.

தொட்டி வளைவு வந்தால், உசில மர நிழலில் ஒரு ஆள் நம் தூக்குப்போசியைத் திறந்து வைத்துக்கொண்டு களி தின்கிறான்!

யார் என்று பார்த்தால் ராஜாமணி. கம்பெனியில் லாரிக்குக் கல் ஏற்றிக்கொண்டிருந்தானே, அதியமான்கோட்டைக்காரன். இப்போது பழைய இரும்பு வியாபாரம். தொட்டிக்குத் தண்ணீர் வந்த குழாயைக் கம்பெனியிடம் விலைபேசி வாங்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் கழற்றி சைக்கிளில் கொண்டுபோகிறான். அவ்வளவு இரும்பை வைத்துக்கொண்டு விராலி கட்டாமல் இறங்க முடியுமா?

"என்னப்பா, யாரு வூட்டுக் களி?" என்றேன்.

"தெரியலீங்ண்ணா. ஞாயித்துக்கெழமயானா ஏதோ மவராசி தொங்க வுட்டுட்டுப் போவுதுங்க. மொதல்ல சாமிக்குப் படைச்சதோன்னு பயந்துக்கிட்டே தின்னனுங்க. இப்பப் பழகிருச்சுங்க. கொழம்புதான் கொஞ்ச நாளா உப்புக் கரிக்குதுங்க."

"அது எம் பொண்டாட்டி வெச்சதுடா."

அவன் கையிலிருந்த உருண்டை அப்படியே நின்றுவிட்டது. "அப்ப நீங்க இங்க ஏனுங்கண்ணா நிக்கறீங்க? மேல போயி வூட்லயே உக்காந்து திங்க வேண்டீதுதானுங்களே?" என்றான்.

அவன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். மீதியை இரண்டு பேரும் பங்கு போட்டுச் சாப்பிட்டோம். உப்பு கரிக்கத்தான் செய்தது.

தொட்டியிலிருந்து பார்த்தால் நம் வீட்டு ஓடு தெரிகிறது. ஏறியிருக்கலாம். சபதத்துக்காகத் திரும்பவில்லை இசபெல். அடுத்தவன் தின்ற களிக்கு நான் பெயர் வாங்கிக்கொண்டு உன் முன்னால் வந்து எப்படி நிற்பது? முதலில் எழுதிவிடலாம் என்றுதான் திரும்பினேன். நேற்றுப் போன தடத்தில் ஒன்று நிஜமாகவே என்னுடையது. இனி நீ என்ன சொல்கிறாயோ அதைச் செய்கிறேன்.

உன்
சின்னப்பராஜ்


நரிக்கல்மலை
20-1-1967

என் அன்பான வீட்டுக்காரருக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துச் சிரித்த சிரிப்பில் பிள்ளைகள் பயந்துபோனார்கள்.

நீங்களில்லை என்பது எனக்கு இரண்டாவது ஞாயிறே தெரியும். சாயந்திரம் போய்ப் பார்த்தால் போசியைக் கழுவி, மூடியைக் கழுவி, தொட்டிச் சுவரில் கவிழ்த்து வைத்திருந்தது. நம் கல்யாணம் ஆன நாளிலிருந்து நீங்கள் கழுவின பாத்திரம் ஒன்று சொல்லுங்கள் பார்ப்போம்!

அன்றைக்கு நெஞ்சு சுருக்கென்றது, அதை மறைக்க மாட்டேன். முதல் நாள் அழுததெல்லாம் வேறு எவருடைய தடத்துக்கோ என்று அவமானமாக இருந்தது. கடிதத்தைத் திருப்பி வாங்கிவிடலாம் என்றால் அது உங்கள் கைக்குப் போய்விட்டது. சரி, இந்த மனுசர் என்னதான் பதில் எழுதுவார், பார்த்துவிடுவோம் என்று இருந்தேன். உப்பு குறைவு என்று வந்தது! அடுத்த வரியில் ரோடு எப்படி இருக்கிறது என்று விசாரணை வேறு. வரப்போகிறீர்கள் என்று அப்போதே தெரிந்துகொண்டேன். அதனால்தான் ஒன்றும் தெரியாதவள் போல இருந்துகொண்டேன். உப்பைக் கூட்டிப் போட்டது மட்டும் கோபத்தில். பாவம், அதை அந்த ராஜாமணி அல்லவா தின்றிருக்கிறார்!

அவருக்கும் சேர்த்துத்தான் இனிக் களி கிண்டுவேன். இல்லாவிட்டால் நமக்குள் யார் தூது? ஆனால் உங்கள் பங்கை மரத்தில் தொங்கவிட மாட்டேன். உங்கள் வட்டில் இங்கே வீட்டில் இருக்கிறது. ஏறி வாருங்கள். சபதத்தைப் பற்றி நானும் பேசமாட்டேன், பச்சியப்பனையும் பேசவிட மாட்டேன்.

உங்கள்
இசபெல்லா


நல்லம்பள்ளி
27-3-1967

அன்புள்ள இசபெல்,

நேற்று ஈஸ்டருக்கு உன்னோடு இருந்துவிட்டு வந்து இன்றைக்கே எழுதுகிறேன் என்றால் ஏதோ இருக்கிறது என்று உனக்குத் தெரிந்துவிடும். நேரில் சொல்லத்தான் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஏறினேன். நீ ஆட்டுக்குட்டியைக் காட்டினாய், ஜன்னலுக்குப் போட்ட புதுக் கதவைக் காட்டினாய். பையில் இருந்ததை வெளியே எடுக்க மனசு வரவில்லை.

நம் பழைய இன்ஜினியர் எழுதியிருக்கிறார். ஆந்திராப் பக்கம் ஒரு நிலக்கரிச் சுரங்கத்தில் இருக்கிறாராம். ஃபிட்டர் வேலை, பர்மனென்ட். குவார்ட்டர்ஸில் கரண்ட், வாசலில் குழாய், ஆஸ்பத்திரி, கோயில் எல்லாம் உண்டு. உனக்கும் அங்கே பள்ளிக்கூடத்தில் சொல்லி வைக்கிறேன் என்கிறார். ஏப்ரல் முடிவதற்குள் பதில் கேட்கிறார். இந்த வயசுக்குமேல் இப்படி ஒரு வேலை இன்னொரு தரம் வராது.

இந்த இரண்டு மாதமும் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. வாரம் முழுக்க ஞாயிற்றுக்கிழமைக்காகவே இன்ஜின் பிரிக்கிறேன். தொப்பை கரைந்துவிட்டது என்று முதலாளியே சொன்னார். இருந்தாலும் வாரத்துக்கு ஒருநாள் புருசன், ஆறு நாள் தனிக்கட்டை என்று எத்தனை காலம்? யூனியனும் உன் பள்ளிக்கூடத்தை எடுத்தபாடில்லை.

என்னோடு வா இசபெல். இந்தத் தடவை அதிகாரமாகச் சொல்லவில்லை, கேட்கிறேன்.

உன்
சின்னப்பராஜ்


நரிக்கல்மலை
4-4-1967

அன்புள்ள உங்களுக்கு,

பச்சியப்பன் கவரைக் கொடுத்துவிட்டு, "என்னங்க டீச்சரு, படிச்சுட்டு மொகம் இப்பிடி ஆயிருச்சு?" என்று கேட்டான். கண்ணில் தூசி என்றேன். இந்த வெள்ளைக்கல் ஊரில் அந்தப் பொய்யை யாரும் நம்புவார்கள்.

ஜூனில் இன்ஸ்பெக்டர் வருகிறார். ஒருவேளை அன்றைக்கே எடுத்துக்கொள்வார்கள், ஒருவேளை இன்னும் இரண்டு வருடம் இழுப்பார்கள். அதற்கு முன்னால் நான் பூட்டிக்கொண்டு வர முடியாது. அம்சா என்று ஒரு பெண், மேல்காட்டிலிருந்து தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்து வருகிறாள். அந்தத் தம்பியே இப்போது இடுப்பிலிருந்தபடி வாய்ப்பாடு சொல்கிறான். அவர்களை விட்டுவிட்டுக் குழாயடியில் நின்று குடம் பிடிக்க எனக்கு மனசு ஒப்பாது.

உங்களைப் போகவேண்டாம் என்று எழுத ஆசையாக இருக்கிறது. ரொம்ப ஆசையாக இருக்கிறது. எழுதமாட்டேன். என்னால் உங்கள் வேலை போயிற்று என்று நாளைக்கு நீங்கள் நினைக்காவிட்டாலும் நான் நினைப்பேன். நீங்கள் போனால் நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். முன்பு போனபோது சண்டைபோட்டுக்கொண்டு போனீர்கள், அது எனக்குச் சுலபமாக இருந்தது. இப்போது நல்லபடியாக இருந்துவிட்டுப் போகப்போகிறீர்கள். இதை எப்படித் தாங்குவது என்று தெரியவில்லை.

இந்த ஞாயிறு வராதீர்கள். என் முகத்தைப் பார்த்துக்கொண்டு முடிவு எடுக்கவேண்டாம். எதுவானாலும் எழுதுங்கள்.

உங்கள்
இசபெல்லா


நல்லம்பள்ளி
13-4-1967

அன்புள்ள இசபெல்,

ஞாயிறு வராதே என்றாய், வரவில்லை. நேற்றுப் புதன்கிழமை வந்தேன். புதன்கிழமை வராதே என்று நீ எழுதவில்லை.

கோடி கொடுத்தாலும் ஒர்க்‌ஷாப்பில் கை ஓடவில்லை. முதலாளியிடம் தலைவலி என்று சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்தேன். ஒருதரம் ஏறிப் பார்த்துவிட்டு, மனசு கேட்டால் போய்விடலாம், கேட்காவிட்டால் இருந்துவிடலாம் என்று நினைப்பு. அடிவாரத்தில் இருந்து இறங்காமலேயே எடைமேடை வரைக்கும் மிதித்துவிட்டேன், எனக்கே ஆச்சரியம். மேலே காற்று வேறு மாதிரி இருக்கிறது இசபெல். காலில் வலு ஏறிவிட்டால் அந்த ரோடு ஆளைத் தள்ளுவதில்லை, கூப்பிடுகிறது. ஆந்திராவிலும் சுரங்கம் இருக்கும், மலை இருக்கும். அதன் உச்சியில் எனக்கு யார் இருக்கிறார்கள்?

தொட்டியில் தேங்கிக் கிடந்த மழைத் தண்ணீரில் முகம் கழுவிக்கொண்டு மேலே வந்தேன். சைக்கிளைக் கோயில் சுவரில் சாய்த்துவிட்டு, வகுப்பு ஜன்னலுக்கு வெளியே நின்றேன். நீ என்னைப் பார்க்கவில்லை. ஒரு பையனை எழுப்பி நிறுத்தி வைத்திருந்தாய்.

"ஏழெட்டு எத்தனைடா? நேத்துச் சொன்னியே, இன்னிக்கு எங்க போச்சு? வர்ற வழியில வுட்டுட்டியா? போ, போயி எடுத்துக்கிட்டு வா!"

அவன் நிஜமாகவே எழுந்து வாசலுக்கு வந்துவிட்டான். எல்லாப் பிள்ளைகளும் சிரிக்கிறார்கள், நீயும் சிரிக்கிறாய். என்னைக் கண்டதும் அந்தப் பையன் வாயைத் திறந்தான். நான் வாயில் விரலை வைத்துக் காட்டி, காதோடு "அம்பத்தாறு" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். வழியில் கிடந்தது என்று சொன்னானா?

அப்படியே திரும்பி இறங்கிவிட்டேன். பாதி வழியில் முடிவு தெரிந்துவிட்டது. என்னோடு உன்னைக் கூட்டிக்கொண்டு போனால், இத்தனை பிள்ளைகள் பங்குபோட்டுக்கொள்கிற அந்த அதட்டலை குவார்ட்டர்ஸில் நான் ஒருவனே வாங்கவேண்டும். என்னால் ஆகாது. விளையாட்டு இருக்கட்டும். அங்கே வந்தால் அந்தக் குரலே உன்னிடம் இருக்காது என்று எனக்குப் பயமாகிவிட்டது. எனக்குப் பிடித்த இசபெல் அந்த அறைக்குள்தான் இருக்கிறாள். இத்தனை வருடம் கம்ப்ரஸர் சத்தத்தில் அதை நான் கேட்கவில்லை.

இன்ஜினியருக்கு வரமுடியாது என்று இன்று காலை எழுதிப் போட்டுவிட்டேன். உனக்காக விட்டுக்கொடுத்தேன் என்று தலையில் தூக்கி வைத்துக்கொள்ளாதே. நான் எனக்காகத்தான் எழுதினேன். நீ வருவாய் என்று ஆகஸ்டிலிருந்து பிடித்து வைத்திருந்தேனே, முருங்கை மரத்து வீடு, அதன் சாவியையும் கொடுத்துவிட்டேன். ஒர்க்‌ஷாப் அறை படுக்கப் போதும். மலையில் இருக்கிற வீடுதான் வீடு. முதலாளியிடம் பேசிவிட்டேன், இனி வெள்ளிக்கிழமை காலையிலேயே கிளம்பினால் திங்கட்கிழமை விடிந்து இறங்கினால் போதும். இன்ஸ்பெக்டர் எடுத்தாலும் சரி, எடுக்காவிட்டாலும் சரி. நீ எத்தனை வருடம் அங்கே இருக்கிறாயோ, அத்தனை வருடம் நான் ஏறுவேன்.

இருபத்தொன்றாம் தேதி வெள்ளிக்கிழமை வருகிறேன். உனக்குப் பள்ளிக்கூடம் இருக்கும், நீ உன் வேலையைப் பார். நான் வாசலில் உட்கார்ந்திருக்கிறேன்.

உன்
சின்னப்பராஜ்


நரிக்கல்மலை
17-4-1967

என் ராசாவுக்கு,

ஏழெட்டு அம்பத்தாறு என்று அவன் வந்து சொன்னபோதே எனக்குச் சந்தேகம். யாருடா சொன்னது என்று கேட்டதற்கு, "ஒரு மாமா, சைக்கிள்ல வந்தாருங்க டீச்சர், அழுதுக்கிட்டிருந்தாருங்க" என்றான். அதை மட்டும் நீங்கள் எழுதவில்லை.

உங்கள் கடிதத்தைத் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறேன். வேறென்ன எழுத? எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. சந்தோஷமாக இருக்கிறது என்று இன்னும் நாலு தரம் எழுதலாம், தாள் போதாது.

வெள்ளிக்கிழமை நீங்கள் வாசலில் உட்காரவேண்டாம். அன்றைக்குப் பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டுவிட்டேன். கம்பெனி மூடின அன்றைக்குக்கூட நான் லீவு விட்டதில்லை. பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு, "ஏன் டீச்சர், திருநாளுங்களா?" என்று கேட்டார்கள். எங்க வூட்டுக்காரர் வர்றாரு என்றேன். எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

வெயிலுக்கு முன்னால் வந்துவிடுங்கள். ஒரே ஒரு நாள்தான் விட்டிருக்கிறேன்.

உங்கள்
இசபெல்